நடு ஆட்டத்தில் மறுபிறவி

திருவையாற்றிலிருந்து பாபநாசம் செல்லும் வழியில், குடமுருட்டியின் கரையை ஒட்டிய ஒரு கிராமத்து வீட்டை மனத்தில் அமைத்துக்கொள்வோம். கீழே நெல் மூட்டைகள் அடுக்கிய கூடம். மாடியில் கல்லூரியில் படிக்கும் பிள்ளையின் அறை. அந்த அறையில், அவன் விடுமுறை நாட்களில் வேலை பார்த்துச் சேர்த்த பணமும் தாத்தா மனமிரங்கிக் கொடுத்த பணமும் சேர்ந்து உருப்பெற்ற, கண்ணாடிப் பக்கமும் வண்ண விளக்குகளும் கொண்ட விளையாட்டுக் கணினி ஒன்று. மாலை வேளையில் நண்பர்களோடு இணையத்தில் கூடி அவன் மும்முரமாக ஆடிக்கொண்டிருக்கையில், எவ்வித முன்னறிவிப்புமின்றித் திரை இருள்கிறது. அடுத்த கணமே விசிறிகள் வேகமெடுக்கின்றன. தாய்ப்பலகை தயாரித்தவரின் சின்னம் திரையில் தோன்ற, யந்திரம் அப்போதுதான் எழுப்பப்பட்டதுபோல அடியிலிருந்து வேலையைத் தொடங்குகிறது. தலைக்குமேல் சுழலும் மின்விசிறி நிற்கவில்லை, விளக்கு அணையவில்லை, கீழே கூடத்தில் பாட்டி பார்த்துக்கொண்டிருக்கும் தொடரில் ஒரு வசனமும் தவறவில்லை. கரண்ட் போயிருந்தால் எல்லாமே அல்லவா போயிருக்க வேண்டும்?

புதிர் இத்துடன் நிற்கவில்லை. யந்திரத்தைத் தூக்கிக்கொண்டு தஞ்சாவூருக்குப் போனால், கடையில் நாள் முழுவதும் அது சமர்த்தாக ஓடுகிறது. “தம்பி, இங்க நல்லாத்தானே ஓடுது” என்று கடைக்காரர் திருப்பித் தந்துவிடுகிறார். வீட்டில்கூட, பாடம் எழுதும்போதோ பாட்டுக் கேட்கும்போதோ அது அணைவதில்லை. ஆடும்போது மட்டுமே அணைகிறது. புதிய கிராபிக்ஸ் கார்டு வாங்கிப் பொருத்திய பிறகுதான் இந்தத் தொல்லையே ஆரம்பித்தது. சில வாரங்கள் தினமும் வருகிறது. பிறகு மாதக்கணக்கில் வருவதில்லை. இத்தனையும் தெரிந்தபின்பும், “எப்போ வரும்னு சொல்லவே முடியல” என்றுதான் அவன் முறையிடுகிறான். காலம் குறித்துவைக்கப்படாத நிகழ்ச்சிகளைக் காரணமற்ற நிகழ்ச்சிகள் என்று எண்ணிவிடுவது மனித சுபாவம். அந்தச் சுபாவத்தை விலக்கிவிட்டு, இந்த ஒரு வீட்டுக் கணினியை நிதானமாக ஆராய்ந்து பார்ப்பதே இந்த அத்தியாயத்தின் வேலை.

அணைந்து கிடப்பதும் அணைந்து எழுவதும்

இவ்விஷயத்தில் எழும் குழப்பங்களில் பாதி, வெவ்வேறு வியாதிகளை ஒரே பெயரால் அழைப்பதனால் விளைபவை. செயலியின் வெப்பம் ஏறத்தாழ 100 டிகிரி செல்சியஸை எட்டினால் அது தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். அதற்கும் அடங்காமல் வெப்பம் மேலும் ஏறினால் யந்திரம் அணைந்துவிடும், அணைந்தது அணைந்தபடியே கிடக்கும், கையால் பொத்தானை அழுத்தினால்தான் எழும். ஆகையால், சித்திரை வெயிலையும், களத்தில் தூற்றும் நெல்லின் பதர்த்தூசி விசிறிகளில் போய் அடைவதையும் காட்டி வெப்பத்தின்மேல் பழி சுமத்துவது எளிதாயினும், தானே அணைந்து தானே எழும் யந்திரத்துக்கு அந்தப் பழி பெரும்பாலும் பொருந்துவதில்லை. தூசியைத் துடைக்க வேண்டியதுதான். ஆனால் அது வேறு காரியம்.

இரண்டாவது வகை, மென்பொருளின் மரணம். நினைவகத்தில் ஓர் எண் பிறழ்ந்தோ, ஓர் இயக்கி நிரல் தகாத இடத்தில் கைவைத்தோ, மேற்கொண்டு நடத்துவது ஆபத்து என்று விண்டோஸ் தீர்மானிக்குமானால், நீலத்திரை ஒன்றைக் காட்டி, குற்றத்தின் எண்ணைக் குறித்துவைத்துவிட்டு, தானாகவே யந்திரத்தை மறுபடி தொடங்கிவிடும். அப்படித் தானாகத் தொடங்கும் ஏற்பாடு ஆரம்பத்திலேயே செய்யப்பட்டிருப்பதால், அந்த நீலத்திரையைப் பலர் கண்ணால் காண்பதேயில்லை.

மூன்றாவது வகையில் ஒரு வார்த்தையும் இல்லை, ஒரு திரையும் இல்லை. தாய்ப்பலகையிலிருந்து செயலிக்குச் செல்லும் ஒரு கம்பியில் “ரீசெட்” என்னும் சைகை வந்ததும், அதுவரை செய்த கணக்கு எதுவாயினும் அதை அப்படியே கைவிட்டு, செயலி ஒரு நிலையான முகவரிக்குச் செல்கிறது. இன்றைய கணினிகளில் அது 4 ஜிகாபைட் எல்லைக்குச் சரியாக 16 பைட்டுகள் முன்னே இருக்கிறது. யந்திரம் எத்தனை முறை பிறந்தாலும் அதன் முதல் கட்டளையை அங்கிருந்தே பெறுகிறது.

இரண்டாவதா மூன்றாவதா என்பதை ஊகித்து அறிய வேண்டியதில்லை. விண்டோஸ் தன் நாட்குறிப்பை ஈவென்ட் வியூவர் என்னும் பகுதியில் எழுதிவருகிறது. ஒழுங்காக அணைக்கப்படாமல் மறுபடி எழுந்த ஒவ்வொரு முறையும் அங்கே “கெர்னல் பவர் 41” என்னும் பதிவு விழும். அதனுள்ளே குற்ற எண் இருந்தால் மென்பொருளின் மரணம். அந்த இடத்தில் வெறும் 0 இருந்தால், ஒன்றும் எழுதிவைக்க அவகாசமின்றி உயிர் போயிற்று என்று பொருள். அருகிலேயே 6008 என்னும் எண்ணுள்ள பதிவு, முந்தைய ஓட்டம் எந்தத் தேதியில் எந்த நேரத்தில் எதிர்பாராமல் முடிந்தது என்பதையும் சொல்லும். நம் மாணவனின் யந்திரத்தில் 41-க்குள் இருப்பது 0. இந்த நேரக்குறிப்புகள் எவ்வளவு விலைமதிப்புள்ளவை என்பது பின்னால் விளங்கும்.

நலச்சைகை

சுவரிலிருந்து வருவது 230 வோல்ட் மாறுமின்சாரம்; செயலிக்கும் கிராபிக்ஸ் கார்டுக்கும் வேண்டியதோ பெரும்பாலும் 12 வோல்ட் நேர்மின்சாரம். ஒன்றை மற்றொன்றாக மாற்றும் இரும்புப் பெட்டியைக் கடைகளில் எஸ்.எம்.பி.எஸ். என்பார்கள், நாம் மின்வழங்கி என்போம். இன்டெல் நிறுவனம் 1995-இல் வகுத்த ஏ.டி.எக்ஸ். என்னும் நியதியின் வழிவந்த இப்பெட்டிகள், 12 வோல்ட் என்று சொன்னால் 11.4-க்குக் கீழேயும் 12.6-க்கு மேலேயும் போகாமல் அதைக் காத்துத் தர வேண்டும்.

மின்சாரத்தைக் கொடுப்பதோடு அந்தப் பெட்டியின் கடமை முடிந்துவிடுவதில்லை. “நான் கொடுக்கும் மின்சாரம் நலமாக இருக்கிறது” என்று தனியொரு கம்பியின் வழியே அது தாய்ப்பலகைக்கு இடையறாது சொல்லிக்கொண்டே இருக்கிறது. இதை நலச்சைகை என்று அழைக்கலாம். தன் சேமிப்பு தீரப்போகிறது என்று தெரிந்த மாத்திரத்தில், 12 வோல்ட் உண்மையில் சரிவதற்கு முன்பாகவே, பெட்டி அந்தச் சைகையை விலக்கிக்கொள்கிறது. தாய்ப்பலகை அக்கணமே ரீசெட் கம்பியை இழுத்துவிடுகிறது. இது முரட்டுத்தனம்போலத் தோன்றினாலும், மிகுந்த விவேகத்தோடு செய்யப்பட்ட ஏற்பாடென்றே எனக்குப் படுகிறது; ஏனெனில், நொடிக்கு 500 கோடி முறை துடிக்கும் செயலி, குறைந்த மின்சாரத்தில் ஒரு நொடியில் நூற்றில் மூன்று பங்கு நேரம் தடுமாறினாலும் அதற்குள் 15 கோடித் துடிப்புகள் கடந்துவிடும்; அத்தனையிலும் தப்புக்கணக்குப் போட்டு அதை வட்டில் எழுதிவைப்பதைவிட, செய்ததை விட்டுவிட்டு முதலிலிருந்து தொடங்குவதே மேல்.

பன்னிரண்டு ஜூல் சேமிப்பு

நம் நாட்டு மாறுமின்சாரம் நொடிக்கு 50 சுற்றுச் சுற்றுகிறது. ஒவ்வொரு சுற்றிலும் இருமுறை, ஆகவே நொடிக்கு நூறுமுறை, அதன் அழுத்தம் பூஜ்யத்தைத் தொடுகிறது. அந்த நூறு பள்ளங்களையும் தாண்டி ஒரே சீரான மின்சாரத்தைத் தர வேண்டுமானால், மின்வழங்கிக்குள் ஏதேனும் கையிருப்பு இருந்தே தீர வேண்டும். அந்தக் கையிருப்பை வைத்திருப்பது கெபாசிட்டர் என்னும் மின்தேக்கி. கட்டைவிரல் பருமனுள்ள ஓர் உருளை. நல்ல மின்வழங்கிகளில் அது ஏறத்தாழ 390 வோல்ட் வரை நிரப்பப்பட்டிருக்கும். கம்பியைச் சுவரிலிருந்து பிடுங்கிய பிறகும் அதில் உயிரைப் பறிக்கும் அளவு மின்சாரம் தங்கியிருக்கலாம். எனவே, ஆர்வம் எவ்வளவு உந்தினாலும் அந்தப் பெட்டியை மட்டும் வீட்டில் திறக்கக் கூடாது.

வெளியிலிருந்து வரவு அறவே நின்றுவிட்டால் இந்தக் கையிருப்பைக் கொண்டு எவ்வளவு நேரம் தாக்குப்பிடிக்கலாம்? அதைத் தாங்குநேரம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு வாட் வேகத்தில் ஒரு நொடி செலவிடும் ஆற்றலுக்கு ஒரு ஜூல் என்று பெயர். நம் மாணவனின் மின்வழங்கியிலுள்ள மின்தேக்கி, 390 வோல்ட்டிலிருந்து 300 வோல்ட்டுக்கு இறங்கும் வரையில் பயன்படக்கூடியதாக 12 ஜூல் வைத்திருக்கிறது என்று கொள்வோம். நடுத்தர அளவுள்ள மின்வழங்கிக்கு இது பொருந்தும் கணக்கே. இனி வேண்டியது வகுத்தல் ஒன்றுதான்.

அவன் பாடம் எழுதும்போது யந்திரம் 80 வாட் கேட்கிறது. 12 ஜூலை 80-ஆல் வகுத்தால் நொடியில் ஆயிரத்தில் 150 பங்கு, அதாவது 150 மில்லிசெகண்டு. பழைய கிராபிக்ஸ் கார்டோடு ஆடியபோது 300 வாட் கேட்டது. தாங்குநேரம் 40 மில்லிசெகண்டு. புதிய கார்டு வந்தபின் ஆடும்போது 500 வாட் கேட்கிறது. தாங்குநேரம் 24 மில்லிசெகண்டாகச் சுருங்கிவிட்டது. கார்டில் குற்றமில்லை, மின்வழங்கியிலும் குற்றமில்லை. முழுச்சுமையில் ஏறத்தாழ 17 மில்லிசெகண்டு தாங்கினால் போதும் என்பதே ஏ.டி.எக்ஸ். நியதி நெடுங்காலமாக எதிர்பார்த்து வந்தது. ஆனால் அந்த வீட்டில் எங்கேயோ 24-ஐவிட நீளமாகவும் 40-ஐவிடக் குறைவாகவும் ஓர் இருட்டு ஒளிந்திருக்குமானால், அது பழைய கார்டு இருந்த காலத்தில் ஒருவர் கண்ணிலும் படாமல் கடந்துபோயிருக்கும். புதிய கார்டு வந்த நாளிலிருந்து, ஆட்டத்தின் நடுவே மட்டும், யந்திரத்தைச் சாய்க்கத் தொடங்கியிருக்கும்.

பாட்டியின் தொலைக்காட்சி ஏன் சாயவில்லை என்பதும் இதனாலேயே விளங்கும். அதனுள் இருக்கும் மின்தேக்கி சிறியதுதான். ஆனால் அது கேட்பது ஐம்பது வாட்டுக்கும் குறைவு. மின்விசிறியைச் சுழல வைக்க அதன் இறக்கைகளின் பாரமே போதும். விளக்கு ஒருவேளை மங்கியிருக்கலாம். ஆனால் மனிதன் ஒருமுறை கண் இமைப்பதற்கே 100 மில்லிசெகண்டுக்குமேல் ஆகிறது.

குறுவை நாற்றும் பத்து மோட்டாரும்

அப்படியோர் இருட்டு எங்கிருந்து வரும்? இதற்கு மாடியறையை விட்டு வயலுக்குப் போக வேண்டும்.

மேட்டூர் அணையை ஜூன் 12-ஆம் தேதி திறப்பது மரபு. தண்ணீர் கல்லணைக்கு வந்து, அங்கிருந்து கிளையாறுகளில் பிரிந்து வயலை எட்டும் வரையில் காத்திராமல், நிலத்தடி நீருள்ள ஊர்களில் வைகாசியிலேயே போர்த் தண்ணீரைக் கொண்டு குறுவைக்கு நாற்று விட்டுவிடுவார்கள். போர் மோட்டார்களுக்கு வேண்டியது மும்முனை மின்சாரம். அது கிராமத்துப் பாதைகளில் நெடுங்காலமாகக் குறித்த நேரங்களில் மட்டும் விடப்பட்டு வந்தது. நள்ளிரவில் வந்தாலும் மாலையில் வந்தாலும் எழுந்துபோய்ப் போடுவது சிரமமாகையால், மும்முனை வந்தவுடன் மோட்டாரைத் தானே ஓட்டிவிடும் ஆட்டோ ஸ்டார்ட்டரைப் பலரும் வைத்திருக்கிறார்கள். விவசாயத்துக்கு மின்சாரம் இலவசமாகையால் அதை அணைத்துவைக்க ஒருவருக்கும் அவசியமில்லை. விளைவு என்னவென்றால், மும்முனை வரும் அந்தக் கணத்தில் ஒரே டிரான்ஸ்பார்மரைச் சார்ந்த மோட்டார்கள் அனைத்தும் ஏறத்தாழ ஒன்றாகவே ஓடத் தொடங்குகின்றன.

ஓடிக்கொண்டிருக்கும் மோட்டாருக்கும் ஓடத் தொடங்கும் மோட்டாருக்கும் உள்ள வித்தியாசம் பெரிது. ஐந்து குதிரைச்சக்தி மோட்டார் சாதாரணமாக ஓடும்போது ஏறத்தாழ 7 ஆம்பியர் எடுக்கும். நின்ற நிலையிலிருந்து எழும்போது அதைப்போல ஆறு மடங்கு, 42 ஆம்பியர், இழுக்கும். பத்து மோட்டார்கள் என்றால் 420 ஆம்பியர். கிராமத்தில் காணும் 100 கே.வி.ஏ. டிரான்ஸ்பார்மர் ஒரு முனையில் நிம்மதியாகத் தரக்கூடியது 140 ஆம்பியருக்கும் சற்றுக் குறைவு. மும்மடங்கு பாரம் ஒரே நேரத்தில் ஏறும் அந்தச் சில நொடிகளுக்கு மின்னழுத்தம் சரிகிறது. எல்லா வீட்டிலும் ஒரே அளவாகச் சரிவதில்லை. தலைமடைக்காரர்கள் எல்லாரும் ஒரே வேளையில் மடையைத் திறந்துகொண்டால் கடைமடை வயலுக்கு வாய்க்காலின் ஈரம் மட்டும் மிஞ்சுவதுபோல, டிரான்ஸ்பார்மரின் அடியில் 200 வோல்ட்டாக நிற்கும் மின்சாரம் நீண்ட கம்பியின் கடைசி வீட்டுக்கு வந்து சேர்கையில் 160 ஆகிவிடக்கூடும். நம் மாணவனின் வீடு கடைசி வீடு.

ஆயினும் இங்கே அவசரப்பட்டுவிடக் கூடாது. 160 வோல்ட் என்பது சரிவுதானே தவிர இருட்டல்ல. அவனுடைய மின்வழங்கியின் மேல் ஒட்டியிருக்கும் சீட்டில், 100 முதல் 240 வோல்ட் வரை எதிலும் வேலை செய்யும் என்று எழுதியிருக்கிறது. சரிவை அது தாங்கும். பின் யார்தான் இருட்டை உண்டாக்கினார்?

வாசலருகே, செருப்பு வைக்கும் இடத்துக்குப் பக்கத்தில், பெரிய பேட்டரியோடு உட்கார்ந்திருக்கும் இன்வெர்ட்டர்தான். 2008-ஐ ஒட்டித் தொடங்கிப் பல ஆண்டுகள் நீடித்த மின்வெட்டுக் காலத்தில் தமிழ்நாட்டு வீடுகளுக்குள் பரவலாகக் குடிபுகுந்த சாதனம் இது. வெளி மின்சாரம் ஓர் எல்லைக்குக் கீழே இறங்கினால், அதை வெட்டிவிட்டுப் பேட்டரிக்கு மாறுவது இதன் தொழில். அந்த எல்லையும், மாறுவதற்கு ஆகும் நேரமும் கருவிக்குக் கருவி வேறுபடும். பத்து மில்லிசெகண்டில் மாறுவனவும் உண்டு, நாற்பது வரை எடுத்துக்கொள்வனவும் உண்டு. நம் வீட்டு இன்வெர்ட்டர் 170 வோல்ட்டுக்குக் கீழே மாறுகிறது, மாற 30 மில்லிசெகண்டு எடுத்துக்கொள்கிறது என்று கொள்வோம். அந்த 30 மில்லிசெகண்டில் வீட்டுக்குள் வெளி மின்சாரமும் இல்லை, பேட்டரி மின்சாரமும் இல்லை. 24-க்கும் 40-க்கும் இடையே ஒளிந்திருக்க வேண்டும் என்று நாம் கணக்குப் போட்ட இருட்டு இதுவே.

ஆறு வந்தது, நோய் நின்றது

இந்தக் கணக்கு ஒன்றும் தெரியாத மாணவன், வைகாசி முழுவதும் அவதிப்பட்டுவிட்டு, ஜூன் மாத நடுவில் ஒருநாள் செயலியின் மேல் பூசும் வெப்பப் பசையை மாற்றுகிறான். அன்றோடு தொல்லை நின்றுவிடுகிறது. பசைதான் காரணமென்று உறுதிகொண்டு நண்பர்களுக்கும் அதையே உபதேசிக்கிறான். உண்மையில் அந்த வாரம்தான் குடமுருட்டியில் தண்ணீர் வந்தது, மதகு திறந்தது, மோட்டார்கள் ஓய்ந்தன. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்ததைக் காகதாலீய நியாயம் என்று தருக்க நூலார் சொல்லிவைத்தார்கள். கணினி பழுதுபார்க்கும் தொழிலில் இந்த நியாயத்துக்கு ஆட்பட்டு வீணாகச் செலவிட்ட பணத்தைச் சேர்த்தால் ஒரு வாய்க்காலே வெட்டிவிடலாம் போலும்.

ஐப்பசி, கார்த்திகை மழையிலும் ஒன்றும் நேரவில்லை. மேட்டூரை மூடும் மரபுத் தேதி ஜனவரி 28. அதன்பின் கோடைப் பயிருக்கு மீண்டும் போர் ஓடத் தொடங்க, பசை காய்ந்துவிட்டதோ என்று அவன் மறுபடி பெட்டியைத் திறக்கிறான்.

பசையையும் ஆற்றையும் எப்படிப் பிரித்தறிவது? நாட்காட்டி ஒன்றாலேயே முடியும். மேட்டூர் திறக்கும் தேதி மரபுப்படி நிலையானதாயினும் நடைமுறையில் ஆண்டுக்கு ஆண்டு நகர்கிறது: 2022-இல் மே 24-ஆம் தேதியே திறந்துவிட்டார்கள், 2024-இல் ஜூலை 28 வரை காத்திருக்க நேர்ந்தது, 2025-இல் சரியாக ஜூன் 12. கணினியின் நாட்குறிப்பு இவ்வாண்டுகள் அனைத்துக்கும் கைவசம் இருந்து, நோய் நின்ற தேதியும் கூடவே முன்னும் பின்னும் நகர்ந்திருக்குமானால், ஜூன் மாதமோ வெயிலோ காரணமல்ல, தண்ணீரின் வரவே காரணம் என்று துணிந்து சொல்லலாம். இயற்கையே நமக்காகச் செய்துதரும் பரிசோதனை இது. அத்தனை ஆண்டுகள் காத்திருக்கப் பொறுமையில்லாதவர்கள், 6008 பதிவுகளிலிருந்து பத்து நேரங்களைத் தாளில் எழுதி, பக்கத்து வயல்காரரிடம் கொண்டுபோய்க் காட்டலாம். “இதெல்லாம் திரீ பேஸ் வர்ற நேரம்ல தம்பி” என்று அவர் பார்த்தவுடன் சொல்லிவிடுவார்.

வேறு சந்தேகங்கள்

மறுபடி எழும் கணினிகள் எல்லாவற்றுக்கும் இன்வெர்ட்டரே காரணம் என்று நான் சொல்லவரவில்லை. நகரத்து வீட்டில், நிலையான மின்சாரத்தில், இதே அறிகுறி தோன்றினால் முதற்சந்தேகம் கிராபிக்ஸ் கார்டின் கணநேரத் தாவல்மேல் விழ வேண்டும். 350 வாட் என்று விற்கப்படும் கார்டு சராசரியாகத்தான் 350 வாட். காட்சி மாறும் கணங்களில், மில்லிசெகண்டைவிடக் குறுகிய பொழுதுக்கு, அதைப்போல ஏறத்தாழ இருமடங்கு தாவுவதுண்டு. சுமையை அளந்து காக்கும் மின்வழங்கி, இதை விபரீதமென்று தவறாகக் கருதித் தன்னை அணைத்துக்கொள்கிறது. இத்தகைய முறையீடுகள் பெருகிய பின்னர், 2022 பிப்ரவரியில் வெளியான ஏ.டி.எக்ஸ். 3.0 நியதி, ஒரு நொடியில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு நேரத்துக்குத் தன் முழுத்திறனைப்போல இருமடங்கு கேட்கப்பட்டாலும் மின்வழங்கி பொறுத்துக்கொள்ள வேண்டுமென்று விதித்தது. ஆட்டத்தின் வேகத்துக்கு ஓர் உச்சவரம்பு கட்டி, நொடிக்கு 60 படங்கள் போதும் என்று அமைத்துப் பார்த்தால் இந்தத் தாவல்கள் தணியும். நோயும் தணிந்தால் சந்தேகம் வலுப்படும்.

சில சமயம் செயலியே குற்றவாளியாவதுண்டு. அதற்கு அண்மைக்கால உதாரணம், இன்டெலின் 13, 14-ஆம் தலைமுறை மேசைக்கணினிச் செயலிகள். அவற்றை வாங்கி ஆடியவர்களுக்கு, கிராபிக்ஸ் கார்டில் நினைவகம் போதவில்லை என்று சொல்லி ஆட்டங்கள் இடையில் முறிந்தன. பலர் கார்டை மாற்றினார்கள். உண்மையில், ஆட்டத்தின் சுருக்கப்பட்ட கோப்புகளை விரிக்கும் கடுமையான கணக்கில் செயலி பிழை செய்துகொண்டிருந்தது. பிழையான கணக்கின் விளைவு வேறோர் உறுப்பின் பெயரில் திரையில் எழுதப்பட்டது. தேவைக்கு மேற்பட்ட மின்னழுத்தத்தாலும் வெப்பத்தாலும், செயலிக்குள் துடிப்பைப் பகிர்ந்தளிக்கும் சுற்று நாளடைவில் மூப்படைகிறது என்று 2024-இல் இன்டெல் விளக்கியது. ஆகஸ்டு மாதம் 0எக்ஸ்129 என்னும் திருத்த நிரலை வெளியிட்டது. உத்தரவாதக் காலத்தையும் இரண்டு ஆண்டுகள் நீட்டித்தது. திருத்த நிரல் மூப்பைத் தடுக்குமேயன்றி, மூப்படைந்ததை இளமையாக்காது. குற்றம் தெரியும் உறுப்பும் குற்றம் பிறந்த உறுப்பும் வெவ்வேறாயிருக்கலாம் என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.

ஒரு கம்பியை மாற்றிப் பார்த்தல்

நம் கிராமத்து வீட்டுக்குத் திரும்புவோம். அனுமானம் எவ்வளவு அழகாக இருப்பினும் பிரத்தியட்சமாகப் பார்க்காமல் தீர்ப்புச் சொல்லக் கூடாது. பரிசோதனையில் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும். பசையும் மாற்றி, நினைவகத்தையும் கழற்றி மாட்டி, விண்டோஸையும் புதிதாக ஏற்றினால், நோய் நின்றாலும் ஏன் நின்றதென்று தெரியாது. இங்கே மாற்ற வேண்டியது ஒரு கம்பி. இன்வெர்ட்டரின் வழியே வராத ஒரு பிளக் வீட்டில் எங்கேயாவது இருக்கும், ஏ.சி.க்கோ தண்ணீர் மோட்டாருக்கோ எலெக்ட்ரீஷியன் தனியாக இழுத்துவிட்டது. எர்த் சரியாக இருக்கிறதா என்று அவரிடமே பார்க்கச் சொல்லிவிட்டு, கணினியை அதில் சொருகி, மும்முனை வரும் நேரத்தில் வேண்டுமென்றே ஆட வேண்டும். விளக்கு மங்குகிறது, இன்வெர்ட்டர் ‘டக்’ என்று மாறுகிறது, கணினி அசையாமல் ஓடுகிறது என்றால் வழக்கு முடிந்தது. பாதுகாப்புக்கென்று வைத்த கருவியை விலக்கியதும் நோய் நின்றது என்பதைத் தாத்தாவுக்கு நம்பவைப்பதுதான் சற்றுக் கடினமாக இருக்கும்.

ஆனால் நேராகச் சுவரில் சொருகி வைப்பதே நிரந்தரப் பரிகாரமாகாது. உண்மையாகவே கரண்ட் போகும் நாளில் கணினி போய்விடும். பல இன்வெர்ட்டர்களின் பின்புறத்தில் ஒரு சிறு சுவிட்சு உண்டு. ஒரு பக்கம் தள்ளினால் யூ.பி.எஸ். நிலை, மறுபக்கம் சாதாரண நிலை. மின்விசிறிக்கும் விளக்கிற்கும் எந்த நிலையானாலும் ஒன்றே என்பதால், பொருத்திய நாளில் எந்தப் பக்கம் இருந்ததோ அந்தப் பக்கமே பெரும்பாலான வீடுகளில் கிடக்கிறது. யூ.பி.எஸ். நிலையில் கருவி விரைந்து மாறும். நம் வீட்டில் அது 10 மில்லிசெகண்டுக்கு இறங்குகிறது என்று வைத்துக்கொண்டால், 24 மில்லிசெகண்டு தாங்கும் மின்வழங்கிக்கு அது ஒரு பொருட்டல்ல. ஒன்றைக் கவனிக்க வேண்டும்: அந்த நிலையில் மின்னழுத்த எல்லையும் இறுக்கமாகிவிடுவதால், கருவி முன்னைவிட அடிக்கடி பேட்டரிக்கு மாறும், பேட்டரி சற்று முன்னதாகத் தேயும். சுவிட்சு இல்லாத கருவியாயின், கணினிக்கென்றே விற்கும் சிறு யூ.பி.எஸ். ஒன்றை இடையில் வைக்கலாம். ஆனால் 500 வாட் கேட்கும் யந்திரத்துக்கு, கடையில் மலிவாகக் கிடைக்கும் 600 வி.ஏ. பெட்டி போதாது. அதில் உள்ள வி.ஏ. எண்ணை வாட் என்று படித்துவிடுவது வழக்கமான தவறு, 600 வி.ஏ. பெட்டிகள் பெரும்பாலும் 360 வாட் அளவே தாங்கும்.

மின்தேக்கியும் மூப்படையும் பொருளே. அதனுள் இருக்கும் திரவம் வெப்பத்தில் மெல்ல உலர்கிறது. சூடு பத்து டிகிரி ஏறினால் அதன் ஆயுள் ஏறத்தாழ பாதியாகும் என்பது மின்னணுத் தொழிலில் கையாளும் தோராயக் கணக்கு. மாடியறையின் கோடைச் சூட்டில் சில ஆண்டுகள் கழிந்து, அது தன் கொள்ளளவில் ஐந்தில் ஒரு பங்கை இழந்துவிட்டது என்று கொண்டால், 24 மில்லிசெகண்டு 19 ஆகும். யூ.பி.எஸ். நிலையிலுள்ள இன்வெர்ட்டரோடு அப்போதும் ஒன்பது மில்லிசெகண்டு மிச்சமிருக்கும்; இன்னும் பெரிய கார்டு வாங்க வேண்டுமென்று அவன் மறுபடி தாத்தாவிடம் போகாதவரையில்.